மாவுலாசிக்குச் சிரித்த முகங்கள்

முகத்துவாரக்குப்பத்தின் பெயரிலேயே முகம் இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலைச் சந்திக்கும் இடத்தைக் குறித்து வந்த பெயர் அது. நான் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போனதோ மனித முகங்களைச் சேகரிக்க.

அப்போது ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் களப்பணி பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கியம் படிப்பவனுக்குச் சோறு போடும் வேலைகளில் அதுவும் ஒன்று. புதிதாக எடுக்கப்பட்ட விளம்பரப் படத்தை மக்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "பிடித்ததா?" என்று கேட்க வேண்டியதில்லை. கணினியின் கேமரா பார்ப்பவரின் முகத்தைப் பதிவுசெய்து இணையத்தின் வழியே எங்கோ உள்ள ஒரு சர்வருக்கு அனுப்பும். மறுநாள் ஒரு வரைபடம் வரும். எந்த வினாடியில் எத்தனை பேர் சிரித்தார்கள், எப்போது புருவம் சுருங்கியது, எப்போது மூக்குச் சுளித்தது என்று கோடுகள் ஏறி இறங்கும். வாய் பொய் சொல்லும், முகம் சொல்லாது என்பது இந்தத் தொழிலின் வேதவாக்கு.

இதன் பூர்வகதை சுவாரசியமானது. பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் முகத்தின் அசைவுகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். உதட்டோரம் மேலே இழுபட்டால் 12, கன்னம் உயர்ந்தால் 6, புருவம் தாழ்ந்தால் 4. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நிமிடப் படத்துக்கு எண் போட ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் எம்.ஐ.டி. ஆய்வகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிகார்டும் ரானா எல் கலியூபியும் முக்கியமானவர்கள். அவர்கள் 2009-இல் தொடங்கிய அஃபெக்டிவா நிறுவனம் விளம்பர உலகத்துக்குள் நுழைந்தது. 2021-இல் ஸ்வீடனின் ஸ்மார்ட் ஐ அதை வாங்கிக்கொண்டது.

அந்நிறுவனத்தின் வெற்றிக்கதைகளில் ஒன்று நம் நாட்டுக்கதை. சருமத்துக்குப் பூசும் லோஷன் ஒன்றின் விளம்பரம். கணவன் மனைவியின் வயிற்றை விளையாட்டாகத் தொடுகிறான். பார்த்த பெண்களைப் பிறகு கேட்டபோது, கவனிக்கவில்லை என்றார்கள் சிலர், முகம் சுளிக்க வைத்தது என்றார்கள் சிலர். கேமராவில் பார்த்தால் அந்த இடத்தில் அத்தனை பேரும் புன்னகைத்திருக்கிறார்கள். ஆகவே முகமே உண்மை என்று தீர்ப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பில் என்றைக்குமே நம்பிக்கை வந்ததில்லை. நம் வீட்டுக்கூடத்தில் அப்படியொரு காட்சி தொலைக்காட்சியில் வரும்போது அம்மாவும் அத்தையும் சிரிப்பார்களே, அது எந்தச் சிரிப்பு? கூச்சத்துக்கும் உதட்டோரம் மேலேதான் போகிறது.

குப்பத்துக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது மீன்குழம்பு மசாலாப் பொடியின் விளம்பரம். மீன் தெரிந்தவர்களிடம் காட்டவேண்டும் என்று யாரோ ஒரு மேலாளருக்குத் தோன்றியிருக்கிறது. நிபந்தனைகள் பல: முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஒரு சட்டத்துக்குள் ஒரே முகம்தான் இருக்கலாம், கையால் வாயை மூடக்கூடாது, பேசக்கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் எழுதியவர் எங்கள் பக்கத்துப் பெண்களைப் பார்த்திருக்கமாட்டார். சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போகும். முந்தானை போனால் முகம் தொலைந்துவிட்டது என்று கணினி மணியடிக்கும். வெளியே கடல் வெளிச்சத்தில் ஆயுள் முழுக்கக் கண்ணைச் சுருக்கியே பழகியவர்களின் புருவத்தை அது கோபம் என்றும் குழப்பம் என்றும் எழுதிக்கொண்டிருந்தது. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்லிவிட்டு, அவர்கள் தலையாட்டியதும் நானே கட்டத்தைச் சொடுக்கினேன். எல்லாக் கட்டத்தையும் நானேதான் சொடுக்கினேன். ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்தேன்.

விளம்பரத்தின் பதினோராவது வினாடியில் கதாநாயகி ஒரு முழு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, "வஞ்சிரம்!" என்று கண்களை அகல விரிப்பாள். முதலில் பார்த்த பெண் அங்கே வெடித்துச் சிரித்தாள். இரண்டாமவளும் அப்படியே. எனக்குப் புரியவில்லை. மூன்றாவதாக உட்கார்ந்தவள்தான் போகிற போக்கில் சொன்னாள்: "அது வஞ்சிரம் இல்ல தம்பி, மாவுலாசி. இத்த வஞ்சிரம்னு மார்க்கெட்ல எங்களாண்டயே விப்பானுங்க." மாவுலாசி பார்வைக்கு வஞ்சிரம் போலிருக்கும், விலையில் மட்டம். விவரமில்லாதவர் தலையில் கட்டுவதற்கென்றே பிறந்த மீன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறது. எள்ளல் அதில் ஒன்று. கணினியிடம் நகை இருந்தது, காரணம் இல்லை. வரைபடத்தில் பதினோராவது வினாடி கோபுரம் போல் எழுந்து நின்றது.

கடைசியாக ஓர் ஆயா வந்து உட்கார்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன் முகவாதம் கண்டு இடதுபக்கம் செயலிழந்தவர். சிரித்தால் வலது உதட்டோரம் மட்டும் ஏறும். எக்மன் வழிவந்த இலக்கணத்தில், உதட்டோரம் ஒருபக்கம் மட்டும் இறுகி ஏறினால் அதற்குப் பெயர் அவமதிப்பு. முப்பது வினாடியும் ஆயா அந்த விளம்பரத்தை அவமதித்தார் என்று திரையில் வந்தது. படம் முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் கீது. எனுக்குக் கையில தெம்பில்ல, அரைக்கிற வேலை மிச்சம்." அன்று அந்தப் பொடியை வாங்கும் எண்ணம் வந்த ஒரே ஜீவன் அவர்தான் என்று நினைக்கிறேன். அலுவலகத்துக்கு வந்ததும் அவருடைய வரிசையைத் தேர்ந்தெடுத்து, "தரம் குறைந்த பதிவு" என்ற காரணத்தின் கீழ் நீக்கினேன். விதிப்படி சரியான செயல். ஒரு விசையைத் தட்டுவதோடு வேலை முடிந்தது.

பிறகு கூட்டம் நடந்தது. குளிரூட்டிய அறையில், பதினோராவது வினாடியைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டினார்கள். மீன் காட்சியை மேலும் இரண்டு வினாடி நீட்டுவதென்று முடிவாயிற்று. நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். மாவுலாசி என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, ஒருவேளை சிரித்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

அதே 2019-இல்தான் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வு வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி, கோபப்படும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது முப்பது சதவீதத்துக்கும் குறைவான தருணங்களில்தான் என்றார்கள். மற்ற நேரமெல்லாம் கோபம் வேறு முகம் போட்டுக்கொள்கிறது. சுளித்த முகத்துக்குள்ளும் கோபம் இல்லாமல் வயிற்றுவலி இருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டில் லாரன் ரூ என்பவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு மென்பொருள்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கறுப்பின வீரர்களுக்கே அதிகக் கோபத்தை அவை எழுதின. மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முகச் சேவையிலிருந்து உணர்ச்சி கண்டறியும் பகுதியை விலக்கிக்கொண்டது. வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய இயந்திரங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டும் விலக்கு. விளம்பரக்காரர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. மசாலாப் பொடியால் யாருக்கு என்ன கேடு என்று நினைத்திருப்பார்கள், அது நியாயமும்கூட. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார், ஒன்று பொருட்பாலில், மற்றது காமத்துப்பாலில். அரசன் முகத்தைப் படிப்பதும் காதலி முகத்தைப் படிப்பதும் வேறு வேறு வித்தை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அந்த வேலையை விட்டுச் சில காலம் ஆனபின், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. நண்பர்களோடு அரிசி மூட்டை கொண்டுபோனோம். படகுகள் கரித்துப்போய்க் கிடந்தன. வலைகளைத் தொட முடியவில்லை. ஆண்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு. தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்திருந்தன. ஒரு பெண்ணை அழும் இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார்கள். அவள் அழாமல், சலிப்போடு, எத்தனை வலை போயிற்று என்று கணக்குச் சொன்னாள்.

ஆயாவைத் தேடிப்போனேன். வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த எவர்சில்வர் டப்பாவும் அதில் இருந்தது. சற்று நேரம் உற்றுப்பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு எம் மூஞ்சிய எத்துனு போனியே தம்பி, இன்னா சொல்லிச்சு அது?"

"நல்லா வந்துச்சு ஆயா" என்றேன்.

வலது உதட்டோரம் ஏறியது. நம்பினாரா என்று தெரியவில்லை. டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மறுபடி துடைத்தார்.

"அந்தப் பொடிய ஒரு தபா வாங்கனேன்" என்றார். "உப்பு சாஸ்தி."