பூசாத சுவர்

1976-ல் வங்கி என்னைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியது. ஸ்ரீரங்கத்தை விட்டு அதுவரை ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் இருந்ததில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறை, சிவப்பு அரிசிச் சோறு, மூன்று மாத மழை. தாக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், அறையில் கூட இருந்த நண்பர். உறையூர்க்காரர், கத்தோலிக்கர், என்னைப் போலவே ஜோசப் காலேஜில் படித்தவர். இரண்டு வருடம் எனக்கு ஜூனியர். அவர் அப்பா கொத்தனார்.

நண்பரிடம் ஒரு யாஷிகா 635 கேமரா இருந்தது. இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் புரியாது. இரண்டு கண் வைத்த பெட்டி. வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரிகிற உருவம் இடம் வலமாக மாறியிருக்கும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து பிலிம்தான் நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். பன்னிரண்டு படத்தை இரண்டு மாதம் வைத்து எடுப்பார். ஒரு படம் எடுப்பதற்குள் நான் இரண்டு டீ குடித்துவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகாரியம் பக்கம் லயோலா பள்ளி வளாகத்துக்குப் பூசைக்குப் போனார். நானும் கூடப் போனேன், லாட்ஜில் தனியாக என்ன செய்வது? நம் ஜோசப் காலேஜை நடத்துகிற அதே இயேசு சபையாரின் பள்ளி அது. அங்கே 1971-ல் லாரி பேக்கர் கட்டிய சாப்பல் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் நண்பருக்கு முகம் மாறிவிட்டது. திருச்சிக்காரருக்குச் சர்ச் என்றால் என்ன? தெப்பக்குளத்துக்கு எதிரே லூர்து அன்னை ஆலயம். வானத்தைக் குத்துகிற கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல். இங்கேயோ பூச்சே இல்லாத செங்கல் சுவர். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் தரையிலிருந்து கூரை முக்கோணம் வரைக்கும் சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஓட்டை.

வெளியே வந்து, "என்னடா இது, உங்க மொட்டைக் கோபுரம் மாதிரி பாதியில விட்டுட்டாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போது எங்கள் ராஜகோபுரம் மொட்டையாகத்தான் நின்றது. 1979-ல் வேலை ஆரம்பித்து 1987-ல்தான் பதிமூன்று நிலையும் முடிந்து 236 அடிக்கு எழும்பியது. பிறந்ததிலிருந்து முடியாத கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு முடியாத கட்டடம் ஒன்றும் குறையாகத் தெரியாது. சொல்லப்போனால் அந்தச் சாப்பல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. பெரிய கோயில் பிராகாரத்தில் மத்தியானம் நடந்தவர்களுக்குத் தெரியும், வெளியே கல் சுட்டாலும் மண்டபத்துக்குள் ஒரு இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும். அதுவேதான் இங்கேயும். கல்லுக்குப் பதில் காற்று அந்த வேலையைச் செய்தது.

பேக்கரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து அங்கேயே கட்டடக் கலை படித்தவர். யுத்த காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளை வைத்தே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னது அவர் மனசில் தங்கிவிட்டது. திரும்ப இந்தியா வந்து தொழுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார், கேரளத்துப் பெண் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார், இமயமலைப் பக்கம் பித்தோராகடில் பல வருஷம் இருந்தார். பிறகு கேரளம். 2007-ல் காலமாகும்வரை திருவனந்தபுரம்தான். இந்தியக் குடிமகனாகவும் ஆனார்.

அவர் கணக்கு ரொம்ப எளிமை. ஒரு ஜன்னலுக்கு மரச்சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி, கொக்கி என்று எவ்வளவு செலவு! செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கினால் வெளிச்சம் வரும், காற்று வரும், திருடன் வரமாட்டான். லயோலாவில் சுவர் மிக உயரம். கான்கிரீட்டும் கம்பியும் சேர்க்காமல் அது நிற்க வேண்டும். அதற்காக நடுவில் அகலமாக இடம் விட்டு இரட்டைச் சுவராக எழுப்பி, குறுக்கே செங்கல் கொடுத்து இரண்டையும் பிணைத்தார். வடக்கே இதை ஜாலி என்பார்கள். நமக்குப் பலகணி என்று அழகான சொல் இருக்கிறது, பல கண் உடையது. பால்கனிக்குத் தமிழ் என்று யாரோ அதை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் உண்டு.

கோயில் கோயில் மாதிரி இல்லை என்ற சண்டை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. பிரேசிலில் பம்புல்யா என்ற இடத்தில் ஆஸ்கார் நீமேயர் 1943-ல் அலை அலையாகக் கான்கிரீட் வளைவு வைத்து ஒரு சர்ச் கட்டினார். அந்த ஊர் ஆயர் அதை அர்ச்சிக்கவே மறுத்துவிட்டார். 1959 வரை அங்கே முறையான வழிபாடு இல்லை. நண்பருக்கு அந்த அளவு கோபமில்லை. வரவில்லை வரவில்லை என்று சொல்லிக்கொண்டே நாலு ஞாயிறு தொடர்ந்து வந்தார். ஐந்தாவது ஞாயிறு கேமராவோடு வந்தார்.

பூசை முடிந்து கூட்டம் போன பிறகு ஸ்டாண்டை வைத்தார். காலை வெயில் ஓட்டைகள் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. சுவரோ இருட்டு, ஓட்டையோ கண்ணைக் கூசுகிறது. சுவருக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் ஓட்டையெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும். ஓட்டைக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் சுவர் கரி. நடுவில் ஏதோ கணக்குப் போட்டு இரண்டு விநாடி திறந்து வைத்தார். அந்த இரண்டு விநாடியில் துடைப்பத்தோடு ஒரு அம்மா குறுக்கே போனார். படத்தில் அவர் ஒரு புகை மாதிரி விழுந்திருக்கிறார். ரோலில் அது கடைசிப் படம், அதனால் இன்னொன்று எடுக்க வழியில்லை. நல்லவேளை.

ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் இரண்டு பிரதி போட்டார். ஒன்று எனக்கு. மற்றது அப்பாவுக்கு.

1977 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நானும் உறையூர் வீட்டுக்குப் போனேன். அவர் அப்பாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. முப்பது வருடம் அடுத்தவர் சுவருக்குப் பூசியவர். பூச்சு வேலையில் அவர் கைக்குத் தனி மரியாதை, மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது என்பார்கள். படத்தை வாங்கியவர் முதலில் தள்ளி வைத்துவிட்டார்.

"பூசாம விட்டா சுவரு சட்டை போடாத ஆளு மாதிரி தம்பி. சாமி இருக்கிற எடத்துல இப்பிடியா?"

நாங்கள் சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் மனிதர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தில் வரி வரியாக எண்ணிக்கொண்டிருந்தார். சர்ச்சையோ வெளிச்சத்தையோ அவர் பார்க்கவில்லை. செங்கல்லைப் பார்த்தார். கலவை எவ்வளவு கனம், ஓட்டைக்கு மேல் கல் எவ்வளவு ஏறி உட்கார்ந்திருக்கிறது, எந்த வரியில் தலைக்கல் வருகிறது, எல்லாம். வலது ஓரத்தில் ஓரிடத்தைக் காட்டி, "இங்க ஒரு கல்லு அரை விரக்கடை தள்ளி நிக்குது பாருங்க. சாயங்காலம் வச்ச கல்லு. வெளிச்சம் போயிருக்கும்" என்றார். எனக்கு அதற்கு முன்னும் தெரியவில்லை, அவர் காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பிறகு மெதுவாக, "பூச்சு இருந்தா எவன் வச்ச கல்லுன்னு தெரியாது. இவன் மறைக்க எடமில்லாம வேல பாத்திருக்கான்" என்றார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அந்த வருஷம் நவம்பர் வெள்ளத்தைப் பற்றி இதை வாசிக்கும் திருச்சிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கோரையாறும் குடமுருட்டியும் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் வந்தன. நண்பர் வீட்டில் உயிருக்குச் சேதமில்லை, பக்கத்து மாடியில் ஏறிக்கொண்டார்கள். வீடு போய்விட்டது. மண் சாந்து வைத்து எழுப்பி மேலே அழகாகப் பூசிய பழைய சுவர், இரண்டு நாள் தண்ணீரில் ஊறிச் சரிந்தது. பெட்டியில் இருந்த நெகட்டிவ், கல்யாணப் படம், அப்பாவுக்குக் கொடுத்த பிரதி எல்லாம் சேறு. என்னிடம் இருப்பதுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் பெரியவர் வீட்டைத் திரும்பக் கட்டினார். தெருவைப் பார்த்த சுவரை அவரே எழுப்பினார், சித்தாள் மட்டும் வைத்துக்கொண்டு. செங்கல், சுண்ணாம்புக் கலவை. மேல்பாதி முழுக்க ஓட்டை. பூசவில்லை. தெருவில் கேலி செய்தார்கள், கொத்தனார் வீட்டுக்கே பூச வக்கில்லையா என்று. நண்பர் கடைசிவரை, அப்போது கையில் காசில்லை, அதனால்தான் பூசவில்லை என்றே சொல்லிவந்தார். எனக்கு அது ஏற்பில்லை. காசில்லாதவன் பூசாமல் விடுவான், சரி. ஆனால் காசில்லாதவன் ஒவ்வொரு வரியிலும் கலவையை இழைத்துக் கோடு போட மாட்டான். மேலும், பிறகு காசு வந்தது. சுவர் அப்படியேதான் இருந்தது.

பெரியவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நண்பரும் போய்விட்டார். பிள்ளைகள் கூடிப் பேசி மனையை அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. மூன்று பங்குக்கு ஒரு பழைய வீடு எப்படிப் போதும்?

நண்பரின் பேத்தி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். போன மாதம் வந்து, "தாத்தா, அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். அசலையே கொடுத்துவிட்டேன். அவளுக்கு வலது ஓரத்துக் கல்லைக் காட்டினேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள், இளங்கண்.

இடிக்க வந்த கான்டிராக்டரிடம் பேசி, தெருச் சுவரை மட்டும் இயந்திரம் வைக்காமல் கையால் பெயர்க்க ஏற்பாடு செய்தாள். சிமெண்ட் கலவை என்றால் கல் உடையுமே தவிரப் பிரியாது. சுண்ணாம்பு என்பதால் உளி வைத்துத் தட்டியதும் முழுசு முழுசாகக் கழன்று வந்ததாம். 640 கல் தேறியிருக்கிறது. எதற்கு என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. அவர்கள் இருப்பது வாடகை வீட்டு மூன்றாவது மாடி, வைக்க இடமில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி, "கொல்லையில வாழைக்குப் பக்கத்துல காலியாத்தானே கிடக்கு, கொண்டுவந்து அடுக்கச் சொல்லுங்கோ. பாம்பு சேராம கீழ ரெண்டு பலகை போட்டுடுங்கோ" என்றாள். வியாழக்கிழமை ஒரு சின்ன யானை வண்டியில் வந்து இறங்குகிறது.