பொதிகை வானில் ஒரு பயணம்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பார்கள் பெரியோர். அந்தப் பழமொழியின் பொருளை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டது நம் பள்ளியின் கணினி அறையில்தான். எங்களுக்குக் கற்பித்தது ஒரு மானிட்டர் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆச்சி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1929-ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட மலை அது. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024 ஜூன் மாதத்தில் தோட்ட வேலை நின்றுபோக, ஆச்சி கீழே இறங்கி விக்கிரமசிங்கபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வலியால் இனி மலைப் பாதையில் பேருந்தேறிப் போக அவரால் இயலாது. “ஒரே ஒரு தரம் அந்த மலையப் பாத்துட்டாப் போதும் மக்கா” என்று அவர் சொல்லிக்கொண்டேயிருப்பதாகத் தோழி ஒருநாள் மதிய உணவு வேளையில் கண்கலங்கக் கூறினாள்.

அப்போதுதான் எங்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. பள்ளியின் பழைய மாணவி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கணினியும் மானிட்டரும் இருக்கின்றன. ஃபிளைட்கியர் என்னும் விமானப் பயிற்சி மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் காணும் மலைகள் கற்பனை மலைகள் அல்ல. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்களைக் கொண்டே உலகின் பெரும்பகுதி அதில் அமைக்கப்பட்டுள்ளது. நம் பொதிகையும் அதில் உண்டு. மலைக்கு ஆச்சி போக முடியாவிட்டால் என்ன? மலையை ஆச்சியிடம் கொண்டுவருவோம்!

அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி மகிழ்வுடன் அனுமதி தந்தார்கள். தரையிலிருந்தபடியே பறக்கக் கற்பிக்கும் கருவி புதியதன்று என்றும் விளக்கினார்கள். 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் ஆர்கன் தொழிற்சாலையில் கற்ற வித்தையைக் கொண்டு, ஆர்கன் துருத்திகளாலேயே அசையும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தாராம். இசைக்குக் காற்றூதும் துருத்தி விமானியையும் உருவாக்கியது என்று கேட்டு வியந்தோம்.

ஒரு சனிக்கிழமை ஆச்சியை அழைத்து வந்தோம். தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை எழுப்பி, நேர் மேற்கே திருப்பினோம். பாபநாசம் அங்கிருந்து வான்வழியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இருபது நிமிடப் பயணம்தான். ஆனால் விமானம் சாய்ந்து திரும்பியபோதெல்லாம் திரையின் நடுவே ஒரு கோடு விழுந்து, மலையின் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி மறுபக்கமும் விலகி நின்றன. “ஏட்டி, மலை ரெண்டா அறுந்துல்லா போச்சு!” என்றார் ஆச்சி. நாங்கள் அவசரமாக வி-சிங்க் என்னும் அமைப்பைப் போட்டோம். அறுபடுவது நின்றது. ஆனால் படம் திக்கித் திக்கி, குதித்துக் குதித்து நகர்ந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, “தலையச் சுத்துதும்மா, போதும்” என்று எழுந்துவிட்டார். தோழியின் முகத்தை அன்று எங்களால் பார்க்க முடியவில்லை.

கணினிக்குச் சக்தி போதாது என்றாள் ஒருத்தி. மென்பொருள் சரியில்லை என்றாள் இன்னொருத்தி. விடை கிடைத்ததோ எதிர்பாராத இடத்தில். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணி நீரில் மின்சாரம் எடுத்து வருவதை நாம் அறிவோம். அங்கே பணியாற்றி ஓய்வு பெற்றவர் எங்கள் மற்றொரு தோழியின் தாத்தா. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் புன்னகைத்தார்.

“ஜெனரேட்டரைச் சுத்தவிட்ட உடனே லைன்ல சேர்த்துர முடியாது. லைன் ஒரு விநாடிக்கு 50 சுற்று அலையுது. மிஷினும் அதே வேகத்துல, அதே நேரத்துல அலையணும். சிங்க்ரோஸ்கோப் முள்ளு மெதுவாச் சுத்தி 12 மணிக்கு வரும்போதுதான் சுவிட்சைப் போடுவோம். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. உங்க பொட்டியில ரெண்டு கடியாரம் ஓடுதான்னு பாருங்க தாயீ” என்றார்.

பார்த்தோம். இரண்டு கடிகாரங்கள்தாம் ஓடின! மானிட்டர் விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை, திரையைப் புதுப்பிக்கிறது. கணினியோ ஒவ்வொரு காட்சியையும் வரைய வெவ்வேறு நேரம் எடுக்கிறது. வெட்டவெளி வானத்தை நொடியில் வரைந்துவிடும். மரமடர்ந்த மலையை வரையத் திணறும். ஒரு காட்சிக்கு 20 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். மானிட்டர் காத்திராமல் பாதியில் மாற்றினால் படம் அறுபடும். அடுத்த முறைக்குக் காத்திருந்தால் அதே படம் 33.3 மில்லி விநாடி நிற்கும். அதுதான் திக்கல். அசைவதாகக் கண் சொல்ல, அசையவில்லை என்று காது சொல்ல, நடுவே படமும் குதித்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்தாக வந்ததே அடாப்டிவ் சிங்க். மின் நிலையத்தில் லைனுக்கு மிஷின் பணிய வேண்டும். இங்கே கணினி படத்தை முடிக்கும்வரை மானிட்டரே காத்திருக்கும். 2013-இல் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2014-இல் வீசா அமைப்பு டிஸ்பிளேபோர்ட் இணைப்பின் பொது விதியிலேயே இதனைச் சேர்த்தது. அன்பளிப்பாக வந்த நம் மானிட்டரிலும் அந்த வசதி உறங்கிக்கொண்டிருந்தது! அதைப் பயன்படுத்தாமல் குறைசொன்னது எங்கள் அறியாமை.

முதலில் கேபிளை மாற்றினோம். நம் மானிட்டரில் இவ்வசதி டிஸ்பிளேபோர்ட் வழியாக மட்டுமே இயங்கும். பிறகு மானிட்டரின் கீழுள்ள பொத்தானை அழுத்தி, பட்டியலில் அடாப்டிவ் சிங்க்கை இயக்கினோம். கணினியின் கிராஃபிக்ஸ் அமைப்பிலும் அதையே செய்து, புதுப்பிக்கும் வேகத்தை 60-இலிருந்து 75 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினோம். ஸ்ரீவைகுண்டம், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி என்று ஆற்றை ஒட்டிய சமவெளி முழுவதும் பட்டுப்போல் வழுக்கிச் சென்றது. வானத்தை மட்டும் பார்த்தால் காட்சிகள் 75-ஐத் தாண்டி மீண்டும் அறுபட்டன. ஆகவே விநாடிக்கு 72 காட்சிகளுக்கு மேல் வரையக் கூடாதென்று கடிவாளம் இட்டோம்.

ஆனால் மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலை ஏறியதும் பழைய திக்கல் திரும்பியது. மானிட்டரின் கையேட்டைப் புரட்டியபோது காரணம் விளங்கியது. அது காத்திருக்கும் பொறுமைக்கும் எல்லை உண்டு. 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரைதான் அது இசைந்து கொடுக்கும். மலைமேல் எங்களுக்குக் கிடைத்ததோ 38 காட்சிகள். சில மானிட்டர்கள் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும். ஆனால் 38-ஐ இரட்டித்தால் 76. ஒன்றே ஒன்று கூடிவிட்டது!

சுமையைக் குறைப்பதே வழி. “மரங்களைக் குறைத்துவிடலாம்” என்றோம். தோழி ஒப்பவில்லை. “ஆச்சி பார்க்க வருவதே அந்தக் காட்டைத்தான். மொட்டை மலையைக் காட்டி என்ன பயன்?” என்றாள். அன்று மாலைவரை வாதாடினோம். முடிவில் மேகங்களை எளிமையாக்கினோம், நிழல்களை நீக்கினோம், மரங்களை விட்டுவிட்டோம். காட்சிகள் 51-க்கும் 55-க்கும் இடையே நிலைத்தன. மலை ஆடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆச்சி தயங்கித் தயங்கித்தான் வந்து அமர்ந்தார். 7,000 அடி உயரத்தில் மெதுவாகத் தெற்கே திரும்பினோம். இம்முறை அவர் கண்ணை மூடவில்லை. சிறிது நேரத்தில் திரையருகே குனிந்து, விரலை நீட்டி, “அந்தா, அந்த மேட்டத் தாண்டுனா காக்காச்சி. அதுக்கங்கிட்டு நாலுமுக்கு. இன்னும் போனா ஊத்து” என்று வழிசொல்லத் தொடங்கிவிட்டார். தேயிலைச் செடிகளையும் வரிசை வீடுகளையும் மென்பொருள் காட்டவில்லை. பச்சை மட்டுமே தெரிந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களுக்குத் தெரியாத வீடுகளை அவர் அந்தப் பச்சையில் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டிருந்தார்.

ஓரிடத்தில், “கொஞ்சம் நில்லும்மா” என்றார். விமானத்தை நிறுத்த முடியாது ஆச்சி என்று சொல்ல வாயெடுத்தோம். தோழி எங்களைத் தடுத்து, அந்த மேட்டையே வட்டமிட்டு வட்டமிட்டுப் பறந்தாள். மணியடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

அன்புத் தங்கையரே! கருவி சரியில்லை என்று கைவிடுமுன் அதன் இயல்பையும் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். பின்தங்கி வருபவருக்காக ஒரு கணம் காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை என்பதை, உயிரற்ற அந்த மானிட்டரே எங்களுக்கு உணர்த்தியது. வரும் சனிக்கிழமை, காரையாற்றில் பிறந்து வளர்ந்த தம் தோழி ஒருவரையும் அழைத்து வருவதாக ஆச்சி கூறியிருக்கிறார். நாங்கள் காத்திருக்கிறோம்.

— பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்