அருளர், கலா, மாயா, மாதங்கி

எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்த ஈழத் தமிழர். கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் மூண்டபின் 1986இல் தாயோடும் உடன்பிறந்தோரோடும் லண்டனுக்கு அகதியாகத் திரும்பினார்.

அவருடைய முதல் கலை ஓவியம். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்றவர், ஸ்டென்சில் வெட்டி அதன்மேல் வண்ணம் பீய்ச்சிப் படங்கள் செய்தார். ஈழத்துப் போரின் காட்சிகள் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் அவற்றில் வந்தன. 2001இல் லண்டனில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் பயணத்தைப் படமெடுக்கப் போனபோது, பாடகி பீச்சஸ் அவருக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். தாளம், அடிநாதம், மெட்டு மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கித் தரும் கருவி அது. பக்கவாத்தியக் குழு இல்லாதவரும் அதைக் கொண்டு பாட்டுக் கட்டலாம். அவருடைய ‘கலாங்’ என்ற பாட்டு 2003இல் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அதன் காணொளியில் அவருக்குப் பின்னால் அசைபவை அவரே வரைந்த ஸ்டென்சில் படங்கள்.

டேவிட் போவி 1972இல் ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனை மனிதனைப் படைத்து அவனாகவே மேடையேறினார். மாதங்கி வேடங்களைத் தேடி வெளியே போகவில்லை. ‘அருளர்’ (2005) ஈழப் போராட்டத்தில் தந்தை வைத்துக்கொண்ட இயக்கப் பெயர். ‘கலா’ (2007) தாயின் பெயர். ‘மாயா’ (2010) வீட்டில் அவரை அழைக்கும் பெயர், ‘மாதங்கி’ (2013) பிறப்பில் வைத்த பெயர். சிதறிப்போன ஒரு குடும்பத்தை ஆல்பம் ஆல்பமாகத் திரும்பக் கூட்டிய இந்தத் துணிவே அவருடைய பெரிய சாதனை.

இவற்றில் ‘கலா’ தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் வந்ததால் இந்தியா, ஜமைக்கா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்தார். சென்னையில் உறுமிக் கலைஞர்களை வாசிக்க வைத்தார். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுத்தால் உறுமல் எழும். மறுமுகத்தில் அடி விழும். கிராமத்துத் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் கேட்கும் அந்த ஒலிதான் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களின் முதுகெலும்பு. மெருகேற்றி அடக்காமல் அதை அப்படியே விட்டது சரியான முடிவு. உலக மேடைக்கு அந்த ஒலியைத் தூக்கிச் சென்ற கலைஞர்களின் பெயர்கள் பாட்டைப் போலப் பரவவில்லை என்பது பெருங்குறை.

அதே ஆல்பத்தின் ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் இசையமைப்பாளர் இளையராஜா.

‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. ஏ. ஆர். ரகுமானுடன் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்குச் செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் புகழ் கையிலிருந்த 2009இல், ஈழப் போரில் வன்னியில் மடிந்துகொண்டிருந்த தமிழர்களைப் பற்றி அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசினார். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ என்ற ஆவணப்படம் 2018இல் வந்தது.

அவரைப் புதிதாகக் கேட்பவர்கள் ‘கலா’விலிருந்து தொடங்குங்கள்; முதலில் உறுமியைக் கேளுங்கள்.