ஒரே மேசை, இரு சம்பளம்

2020ஆம் ஆண்டில், கொரோனா நோயினாற் கல்லூரிகள் அடைபட்டிருந்த காலம். யாம் அரசாங்க உதவிபெறும் பிரிவிலும் எம் நண்பர் சுயநிதிப் பிரிவிலும் ஆசிரியராயிருந்தோம். பாடம் ஒன்று, மேசையும் ஒன்று.

அரசாங்கம் பஞ்சப்படி உயர்வை நிறுத்திவைத்தமை பற்றி யாம் அவரிடம் குறைபட்டுக்கொண்டோம். அவர் புன்னகையுடன், "ஐயா, தங்களுக்கு உயர்வு நின்றது, எனக்கோ சம்பளமே பாதியாயிற்று" என்றார். யாம் வாய்மூடினோம்.

பென்ஷனிலும் இப்பேதமே. 2003ஆம் ஆண்டு ஏப்ரலுக்கு முன் வேலையேற்ற எமக்குப் பழைய பென்ஷன் உண்டு. அவர் நம்பியிருப்பதோ வருங்கால வைப்பு நிதிவழி வரும் சொற்பத் தொகை. 2014இல் அதன் குறைந்த அளவு மாதம் 1000 ரூபாய் என வகுக்கப்பட்டது.

அவர் குறைவைக் காட்டி எமதைக் குறைத்தல் நீதியன்று. எமக்குள்ளதை அவருக்கும் நீட்டுதலே நீதி. ஆயினும் பஞ்சப்படிக்காகச் சங்கத்திற் குரலெழுப்பிய யாம், அவருடைய அரைச்சம்பளத்திற்காக ஒருமுறையேனும் எழுந்து பேசினோமல்லேம். அக்குறையே எம்மை இன்றும் வருத்துகின்றது.