சலாபக் கணக்கு

மன்னார்த் தீவின் மாணவன் சதவீதக் கணக்கிலே சந்திக்கும் மனிதர் பெரும்பாலும் முகமற்றவர்கள். யாரோ ஒரு வியாபாரி எதையோ வாங்கி 20 சதவீத இலாபத்துக்கு விற்கின்றார். விடை சரியாகவே வருகின்றது. அந்த இலாபம் எவருடைய மூச்சிலிருந்து வந்ததென்பது வினாவில் இல்லை. அவன் வீட்டு வாசலிற் கிடக்கும் கடலோ கணக்கிலே ஊறிய கடல்.

பிரித்தானியர் காலத்திலே, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துச் சலாபத்தின்போது, சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. பிரிப்பவர் குளித்தவர், தெரிந்தெடுப்பவர் உத்தியோகத்தர். குவியல்கள் சமனற்றிருப்பின் மிகச் சிறியதே பிரித்தவரிடம் எஞ்சும். ஆதலால் எவரும் கண்காணியாமலே குவியல்கள் சமமாயின. பங்கிடும் முறையில் இருந்த இந்த நேர்மை பங்கின் அளவில் இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆழத்துக்குச் சென்று மீண்டவனுக்குக் கிடைத்தது 33⅓ சதவீதத்தின் ஒரு கூறு மட்டுமே. கயிறு பிடித்தவனுக்கும் படகுக்காரருக்கும் அதிலிருந்தே கொடுக்கவேண்டும். 1906 இல் இச்சலாபம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக, 20 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பனியிடம் சென்றது.

பல்லுறுப்புக் கோவை இதனினும் சுவையானது. முத்தின் மதிப்பு நிறையோடு நேராக ஏறுவதில்லை. நிறையின் வர்க்கத்தோடு ஏறுகின்றது. வணிகர் மஞ்சாடிக் கணக்கில் நிறையை வர்க்கித்து, முக்காற்பங்கு எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தனர். 3 மஞ்சாடி முத்தொன்றும் 4 மஞ்சாடி முத்தொன்றும் தனித்தனியே வர்க்கத்தில் 9 உம் 16 உம், ஆக 25. ஒரே முத்து 7 மஞ்சாடியாயின் 49. வேறுபாடான 24, மாணவர் விரிவாக்கத்திலே வழக்கமாகத் தவறவிடும் அந்த நடு உறுப்புத்தான். மொத்தத்தில் ஏறத்தாழ அரைவாசி! பரீட்சைத் தாளில் அதற்கு ஒரு புள்ளி குறையும், அவ்வளவே.

சல்லடைகளின் தேவையும் இங்கேதான். 1 மஞ்சாடி முத்தையும் 6 மஞ்சாடி முத்தையும் தனித்தனியே மதித்தால் 27¾. ஒன்றாக நிறுத்து இரண்டால் வகுத்தால் 18⅜. தரம் பிரியாமல் விற்பவன் இழப்பது ஏறத்தாழ 34 சதவீதம். வணிகரோ 20 துளை முதல் 1000 துளை வரையிலான பத்துச் சல்லடைகளில் அரித்தபின்பே தராசைத் தொட்டனர்.

குளித்தவன் கையில் அந்தச் சல்லடை இருக்கவில்லை. அவன் தன் சிப்பிகளைத் திறவாமலே, அன்றன்றே, கரையிற் காத்திருந்த சிறு வியாபாரிகளிடம் எண்ணிக் கொடுத்தான். 1925 ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின்னர் அந்த ஆரவாரமும் ஓய்ந்தது. அவன் அறிந்த கணக்கு எண்ணிக்கை. வர்க்கம் வேறொருவருடைய குறிப்பேட்டில் இருந்தது.