ஸ்டாப்பர் வீட்டுக்கு முதலில் போ

29 வருஷம் ஒரு கால்பந்து கிளப்புக்குச் செயலாளராக இருந்துவிட்டு, இந்த மார்ச்சில் பீரோ சாவியைக் கொடுத்தேன். கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருந்த நேரம். கடைசிக் கூட்டத்தில் புதுப் பொருளாளர் தம்பி எழுந்து சொன்னார்: "வெளியிலேருந்து ஆறு பேரைக் கூட்டிட்டு வந்தா ஒரே சீசன்ல மேலே வந்துடலாம் சார். உங்க நோட்டுப் புத்தகக் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு." யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆட்டக்காரர்களைப் பற்றிய குறிப்பும் படிக் கணக்கும் எழுதும் அந்த நோட்டை யார் ஆரம்பித்தது என்று அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஆரம்பித்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து புதுச்சேரி குருசுக்குப்பத்தில் வீடு கட்டியவர். எங்களுக்கெல்லாம் முசியே. போர்தோவில் இருந்த காலத்தில் மேட்ச் பார்த்த கதைகளைச் சொல்லுவார். உப்பளம் மைதானத்துப் படியில் உட்கார்ந்தால் பந்து இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார். பந்தைப் பறிகொடுத்தவன் நின்று இடுப்பில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்பதைத்தான் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ஸ்டட்டைக் கட்டைவிரலால் தடவுவார். "இவன் முட்டி போவப்போவுது, ரெண்டு வாரம் உக்கார வை." அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதுவார்.

1995-ல் நாங்கள் முதல் தடவை இறங்கினோம். நான் அப்போது துணைச் செயலாளர். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு முசியே சைக்கிளோடு என் வாசலில் நின்றார். "ஃபார்வர்டு எங்க போனாலும் போவட்டும். ஸ்டாப்பர் வீட்டுக்கு மொதல்ல போவணும், கிளம்பு."

எங்கள் ஸ்டாப்பர், பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவன், வீடு வம்பாகீரப்பாளையத்தில். பையன் கடலுக்குப் போயிருந்தான். எட்டரை மணி வரை திண்ணையில் காத்திருந்தோம். தோளில் வலையோடு வந்தவன் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். வேறொரு கிளப் ஐயாயிரம் ரூபாயும் புது பூட்ஸும் பேசிவிட்டுப் போயிருந்தது. முசியே அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு நாங்கள் தரவேண்டிய மேட்ச் படி 350 ரூபாய். பையிலிருந்து எடுத்து, எண்ணி, அவன் அம்மா கையில் கொடுத்தார். "போறதுன்னா போப்பா. என்ஓசி இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்." அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பணத்தை வாங்கினார். மகன் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவன் ஆறு வருஷம் எங்களோடு ஆடினான்.

திரும்பி வரும்போது முசியே சொன்னார்: "பாக்கியை ஆட்டக்காரன் கையில குடுத்தா செலவாயிடும். அம்மா கையில குடுத்தா வீட்டுக்கே நம்ம மேல நம்பிக்கை வரும்." சென்டர் ஃபார்வர்டும் இரண்டு விங்கும் அந்த வருஷம் போய்விட்டார்கள். மூன்று பேருக்கும் அன்றன்றே என்ஓசி என்ற விடுவிப்புக் கடிதம். பின்வரிசை நால்வரும் கீப்பரும் அப்படியே இருந்தார்கள். மறுவருஷம் அந்த ஐந்து பேரை வைத்துத்தான் மேலே வந்தோம்.

இது ஏழைக் கிளப் வைத்தியம் என்று தம்பிகள் நினைக்கிறார்கள். பணக்கார லீக்கையும் பார்ப்போம். இங்கிலாந்தில் பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கிளப்புக்கு, எல்லோருக்கும் சமமாகப் பிரியும் டிவி பணப் பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், அடுத்தது 45, மூன்றாம் வருஷம் 20 என்று கொடுக்கிறார்கள். ஒரே சீசனில் இறங்கியவனுக்கு மூன்றாம் வருஷம் கிடையாது. அதனால் கீழ் லீகிலேயே இரண்டு சாதி உண்டாகிவிட்டது: அந்தப் பணத்தோடு வந்தவன், அது இல்லாதவன். மேலே ஏறினாலும் நிற்பது கஷ்டம். புதிதாக ஏறிய மூன்று கிளப்பும் 2024-ல் இறங்கின. 2025-லும் மூன்றும் இறங்கின. சீசனுக்கு முன் கோடி கோடியாகக் கொட்டி ஆள் வாங்கியவர்களும் அதில் உண்டு.

முசியேவின் போர்தோவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. ஆறு முறை பிரெஞ்சு சாம்பியன். ஜிதான் ஆடிய கிளப். 2022-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2024 ஜூலையில் கணக்கைப் பார்க்கும் டிஎன்சிஜி குழு இன்னும் கீழே தள்ளியது. திவால் மனு போட்டு, 1937 முதல் வைத்திருந்த தொழில்முறை அந்தஸ்தையே விட்டுக்கொடுத்து, நான்காம் டிவிஷனில் போய் நின்றார்கள். நல்லவேளை, முசியே அதைப் பார்க்க இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே சென்னை சிட்டி. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதலாக எடுத்து ஐ-லீக் கோப்பையை வாங்கினார்கள். அன்று இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா, பின்வரிசை ஆள். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அந்த சீசனில் அவர்களுக்காக 21 கோல் போட்ட மான்சி அடுத்த ஜனவரியில் ஜப்பானுக்குப் போனார். 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தக் கிளப்பே இல்லை. இன்னொரு பக்கம், 2014-ல் பணம் கட்டி ஐஎஸ்எல் என்ற தனி லீகுக்குள் வந்த எட்டு அணிகளுக்கு இறக்கம் என்ற பயமே வைக்கவில்லை. ஐ-லீக்கிலிருந்து இறங்கிய கிளப்பைத் தாங்கிப் பிடிக்க இங்கிலாந்து மாதிரி டிவி பணமும் இருந்ததில்லை.

இன்று நம் ஊர் மைதானத்தில் நடப்பது எனக்கு வயிற்றெரிச்சல். மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு ராத்திரி போய்விடுகிறார்கள். ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் ஆடும் பையன் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பையன் வேறு கிளப்புக்குப் போகிறேன் என்றால், ஆட்டக்காரர் பதிவு நடக்கும் சிஆர்எஸ் தளத்தில் விடுவிக்காமல் இழுத்தடிக்கிறார்கள். 29 வருஷத்தில் ஒரு பையனின் என்ஓசியைக்கூட நான் ராத்தங்க விட்டதில்லை. தரமான ஸ்டாப்பர் உருவாக நாலு வருஷம் ஆகும். நாலு மாதம் காத்திருக்க இப்போது யாருக்கும் பொறுமையில்லை.

வெளியாட்களுக்கு முன்பணம் போய்விட்டது. உள்ளூர்ப் பையன்கள் நாலு பேருக்குப் போன சீசன் படி இன்னும் பாக்கி. மூவர் பின்வரிசை, ஒருவன் கீப்பர். பேரும் தொகையும் நோட்டில் 212-ஆம் பக்கத்தில் இருக்கிறது. தம்பி, முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் நேரில் போங்கள்.