சித்திரையில் ஏழூர் பல்லக்கு

கோடை விடுமுறை என்றாலே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டிக்கெட் தேடுகிறோம். அங்கே போய் டிராஃபிக்கில் நிற்பதற்குத் திருவையாறு ஏழூர்த் திருவிழா எவ்வளவோ மேல். தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

நந்திக்குத் திருமழபாடியில் பங்குனியில் கல்யாணம். சித்திரையில் திருவையாற்றுச் சாமியான ஐயாறப்பர் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பிவிடுவார். அவருக்குக் கண்ணாடிப் பல்லக்கு, நந்திக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஒவ்வோர் ஊர்ச் சாமியும் கூடச் சேர்ந்துகொள்ள, ஏழூர்ப் பல்லக்குகளுமாகத் திரும்பி வரும்.

வழியில் ஆற்றைக் கடக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதனால் சித்திரையில் காவிரியும் குடமுருட்டியும் பெரும்பாலும் வெறும் மணல்தான். அந்தச் சுடுமணலில் பல்லக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களின் காலைப் பாருங்கள். நம்மால் செருப்போடு நிற்கவே முடியாது. வழியெல்லாம் நீர்மோர், பானகம், தயிர்சாதம். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடைசியில் திருவையாற்றில் ஒரு பொம்மை வந்து பல்லக்குக்குப் பூப்போடும். கயிற்றை இழுப்பது மனுஷர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் அதற்காகவே காத்துக் கிடக்கும்.

  

குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம்.